மோட்டர்ஹோம் பேட்டரி: ஹூக்-அப்பா, சோலாரா, ஓடுகிற இன்ஜினா?

பிரிட்டனில் மோட்டர்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வீட்டு வண்டி, வைத்திருப்பவர்களிடம் பேட்டரிப் பேச்சை எடுத்தால் போதும். ஒருவர் சோலார்தான் என்பார், இன்னொருவர் கரன்ட் இருக்கும்போது சோலார் எதற்கு என்பார், மூன்றாமவர் லித்தியம் போட்டால் கவலையே இல்லை என்று அடித்துச் சொல்வார். அவரவர் வண்டிக்கு அவரவர் சொல்வது சரிதான். வண்டி எங்கே நிற்கிறது, எந்த மாதத்தில் நிற்கிறது என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

வண்டியில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்ய. மற்றது லெஷர் பேட்டரி. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி, போன் சார்ஜ் எல்லாம் அதன் தலையில். நம் ஊர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்கிற வேலைதான். பெரும்பாலும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர். லெட்-ஆசிட் என்றால் அதில் பாதிதான் செலவுக்கு. சில மணி நேரம் சும்மா விட்டு மல்டிமீட்டரை வைத்தால் 12.7 வோல்ட் காட்டினால் முழுசு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எந்த சார்ஜரைப் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

ஹூக்-அப் என்பது கேம்ப் சைட்டில் உள்ள மின் கம்பத்தில் நீல நிற 16 ஆம்பியர் பிளக் செருகி 230 வோல்ட் எடுப்பது. வேகத்திலும் நம்பகத்திலும் இதை மிஞ்ச எதுவுமில்லை, வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் நல்லதாக இருந்தால். புதிய சார்ஜர்கள் 14.4 வோல்ட் வரை ஏற்றி, பேட்டரி நிறைந்ததும் 13.6 வாக்கில் தாமே இறங்கிக்கொள்ளும். இறங்கத் தெரியாத பழைய சார்ஜரை நாள்கணக்கில் விட்டால் உள்ளே இருக்கும் நீர் பிரிந்து வாயுவாகப் போய்விடும்.

அப்படியானால் புதிய சார்ஜரைக் குளிர்காலம் முழுக்கச் செருகியே வைக்கலாமா? தயாரிப்பாளர்கள் வைக்கலாம் என்பார்கள். ஆள் பார்க்காத வண்டியில் நான் வைக்க மாட்டேன். மாதம் ஒருமுறை, ஒரு முழு நாள் சார்ஜ் போதும். காரணம் சார்ஜர் அல்ல, வயதான பேட்டரி. அதன் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆனால் மொத்த வோல்டேஜ் ஏறவே ஏறாது. சார்ஜரோ இன்னும் நிறையவில்லை என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். மற்ற ஐந்து செல்களும் கொதிக்கும், பக்கங்கள் உப்பும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. கூடவே வரும் ஹைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். அந்த நாற்றம் வந்தால் டெர்மினலில் கை வைக்காதீர்கள். வெளியே கம்பத்தில் கரன்டை நிறுத்துங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள்.

கேபிளிலும் ஒரு விஷயம். 25 மீட்டர் ஆரஞ்சு கேபிளில் ஐந்து மீட்டர்தான் தேவை என்று மீதியைச் சுருளாகவே விடுவோர் உண்டு. ஹீட்டர், கெட்டில் எல்லாம் ஓடும்போது அந்தச் சுருளைத் தொட்டுப் பாருங்கள், சுடும். முழுக்கப் பிரித்துப் போடுவதே சரி. செருகும்போது முதலில் வண்டிப் பக்கம், பிறகு கம்பம். கழற்றும்போது தலைகீழ்.

சோலாரை விற்பவர்கள் ஜூன் மாதக் கணக்கையே காட்டுவார்கள். கூரையில் படுக்கை வசமாகக் கிடக்கும் 100 வாட் பேனல், தென் இங்கிலாந்தின் ஜூனில் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-அவர் அளவுக்குத் தரும். டிசம்பரில் லண்டனில் பகலே எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, வெயிலும் சாய்வு. அதே பேனல் மூன்று, நான்கைத் தாண்டுவதே அபூர்வம். ஹீட்டர் விசிறிக்கே அது போதாது. ஆனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெட்டவெளியில் நிறுத்திய வண்டிக்கு, அலாரம் குடிப்பதையும் பேட்டரி தானாக இழப்பதையும் ஈடுகட்ட அது தாராளம். ஆக, குளிர்காலத்தில் சோலார் நிற்கிற வண்டிக்கு உதவும், தங்குகிற ஆளுக்கு உதவாது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில், பேனலிலிருந்து முடிந்தவரை பிழிந்தெடுக்கும் எம்பிபிடி (MPPT) வகையையே வாங்குங்கள். மங்கலான நாளில் வித்தியாசம் தெரியும். அதில் மாட்டும்போது முதலில் பேட்டரி வயர், பிறகுதான் பேனல் வயர்.

ஓடுகிற இன்ஜினிலிருந்து ஏற்றுவதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பழைய வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஒரு ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்) இரண்டு பேட்டரிகளையும் இணைத்துவிடும். இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் தந்துகொண்டே இருந்ததால் அது போதும். யூரோ 6 புகை விதிப்படி வந்த புதிய வண்டிகள் பலவற்றில், வோல்டேஜைத் தானே கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். மோட்டார்வேயில் ஒரே வேகத்தில் போகும்போது மீட்டர் 12.6 காட்டும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் திடீரென்று 14-க்கு மேலே பாயும். மூன்று மணி நேரம் ஓட்டியும் லெஷர் பேட்டரி ஏறாததன் மர்மம் இதுதான். இங்கே பேட்டரி-டு-பேட்டரி சார்ஜர் வேண்டும். உள்ளே வரும் வோல்டேஜ் எப்படி ஆடினாலும் வெளியே சீராக 14.4 தரும். 30 ஆம்பியர் வகை ஒன்று, பாதி இறங்கிய பேட்டரியை இரண்டு மணி நேரப் பயணத்தில் பெருமளவு மீட்டுவிடும். விலை ரிலேயைவிடப் பல மடங்கு. ஆனாலும் தினமும் இடம் மாறுகிறவருக்கு நான் சோலாருக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டுப் போகிற ஃபிட்டர்கள் இருக்கிறார்கள், திறந்து பாருங்கள்.

ஜெனரேட்டரா? சத்தம், புகை, பக்கத்து வண்டிக்காரரின் முறைப்பு. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், ஜன்னல் அருகே வைக்கவே கூடாது. கடைசிப் போக்கிடமாக இருக்கட்டும்.

லித்தியம் அன்பர்களுக்கு: எடை பாதிதான், பெரும்பகுதியைச் செலவழிக்கலாம், எல்லாம் உண்மை. ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், சேதம் நிரந்தரம். பேட்டரிக்குள்ளேயே காவல் காக்கும் மின்னணுச் சுற்று, அதாவது பிஎம்எஸ் (BMS), நல்லதாக இருந்தால் தடுத்துவிடும். ரிலே வழியாக நேரே ஆல்டர்னேட்டரில் கொடுத்தால் பேட்டரி கிடைத்ததையெல்லாம் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகலாம்.

வண்டியைக் கூரை போட்ட, கரன்ட் இல்லாத கிடங்கில் நிறுத்துகிறவருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. லெஷர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். லெட்-ஆசிட் என்றால் 25 கிலோ வரும், இரண்டு பேராகத் தூக்குங்கள். முதலில் நெகட்டிவ் கழற்ற வேண்டும், மாட்டும்போது அது கடைசியில். சோலார் பேனல் இருந்தால் பேட்டரியைத் தொடுமுன் அதன் இணைப்பைத் துண்டியுங்கள். இன்சூரன்ஸில் டிராக்கர் (வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) கட்டாயம் என்றிருந்தால், அதற்கு மின்சாரம் எந்த பேட்டரியிலிருந்து போகிறது என்று பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.