ஏழு மாத்திரையும் ஒரே இடிகல்லும்

அப்பாவுக்குப் பக்கவாதம் என்று லண்டனிலிருந்து கும்பகோணம் ஓடினேன். மற்றதெல்லாம் நல்லபடி நடந்தது, விடுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் வார்டுக்கு மாற்றிய மறுநாள் சிஸ்டர் 50 மி.லி. சிரிஞ்சை என் கையில் திணித்தார். "ரெண்டு மணிக்கொரு தடவை 200 மி.லி. கஞ்சி நீங்களே குடுத்துடுங்க சார்."

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற ரைல்ஸ் டியூப். லண்டனில் என் மாமனாருக்கு இதே டியூப் போட்டபோது எங்களைத் தொடவே விடவில்லை. டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று அறிய, வயிற்று நீரை உறிஞ்சி, அமிலத்தைக் காட்டும் பி.எச். தாளில் 5.5-க்கு மேல் போகவில்லை என்று பார்த்த பிறகுதான் ஊட்டுவார்கள். இங்கே காற்றை ஊதி, வயிற்றில் ஸ்டெத் வைத்துக் கேட்டார்கள். அங்கே 2005-லேயே கூடாது என்று சொல்லிவிட்ட முறை அது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாத்திரையைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மா ஏலக்காய் இடிப்பாளே, அதே மாதிரி சிஸ்டர் ஏழு மாத்திரையையும் ஒன்றாய்ப் போட்டு இடித்துக் கஞ்சியில் கொட்டினார். பி.பி. மாத்திரை அட்டையில் எஸ்.ஆர். என்று அச்சடித்திருக்கிறது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டியது, பொடித்தால் மொத்தமாக இறங்கிவிடும். அமிலத்தைக் குறைக்கிற பேன்டோபிரசோல் மாத்திரையோ மேல்பூச்சு போனால் வயிற்று அமிலத்திலேயே கெட்டுவிடும். சொன்னேன். "எல்லாருக்கும் இப்படித்தான் சார்."

மதியம் டியூப் அடைத்துக்கொண்டது. உருவிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். அப்பாவுக்கு அசைகிற கை வலது கை மட்டும்தான். அந்தக் கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். பித்தான் ஒன்று தெறித்தது. அதை இன்னும் தைக்கவில்லை.

ராத்திரி டியூட்டிக்கு ஐம்பது வயது சிஸ்டர் ஒருவர் வந்தார். பதினான்கு படுக்கைக்கு அவர் ஒருத்தர்தான். எஸ்.ஆரை ஒதுக்கி வைத்துவிட்டு, டியூட்டி டாக்டரிடம் பேசிச் சாதா மாத்திரைக்கு மாற்றி எழுதவைத்தார். பேன்டோபிரசோலுக்குப் பதில் ஊசி. மிச்சத்தைத் தனித்தனியாகப் பொடித்து, முன்னும் பின்னும் 30 மி.லி., நடுநடுவே கொஞ்சம் என்று தண்ணீர் விட்டார். கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, "ஒரு மணி நேரம் இறக்காதீங்க தம்பி. நாளைக்குக் கஞ்சியை வடிகட்டிக் கொண்டாங்க" என்றார். வீட்டு டீ வடிகட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தது. கடைசி வரை அடைக்கவே இல்லை.

டிஸ்சார்ஜ் பில்லில் 'டியூப் ஃபீடிங் சார்ஜ்', நாள் கணக்கில். ஊட்டினது நான்தானே என்று கவுன்டரில் கேட்டேன்.

"யார் குடுத்தா என்ன சார், அது பேக்கேஜ்ல வர்றது."