படப்பு எரிந்தால் போலீஸ் மனுவா, சிவில் வழக்கா?

அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டி முடித்ததும் சோகைக்கு, அதாவது காய்ந்த தோகைக்கு, தீ வைப்பார்கள். வைத்தவர் டீ குடிக்கப் போய்விடுவார், காற்று திரும்பும். பக்கத்துக் களத்து வைக்கோல்படப்பு சாம்பலாகிவிடும். உள்ளே கை விட்டால் மறுநாளும் சுடும்.

போலீசில் மனு கொடுப்பது சுலபம், செலவில்லை. தீயைக் கவனிக்காமல் விட்டு அடுத்தவருக்கு ஆபத்து உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 287ஆம் பிரிவில் குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரி, படப்பின் விலை? அந்த அபராதத்தை வைத்து மாட்டுக்குத் தீனி வாங்க முடியாது.

நஷ்டத்தைக் கேட்க சிவில் வழக்குதான். "வேணும்னே வச்சேனா?" என்பது அங்கே எடுபடாது, கவனக்குறைவு இருந்தாலே போதும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, யார் சொல்வது அதிகம் நம்பும்படி இருக்கிறது என்றே பார்ப்பார்கள். ஆனால் கோர்ட் கட்டணம், வக்கீல், வாய்தா என்று இழுக்கும். பொதுவாக 3 ஆண்டுக்குள் போட வேண்டும்.

என்னைக் கேட்டால், அன்றைக்கே மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அறிக்கையும் கேளுங்கள். சாம்பலை அள்ளுமுன் போட்டோ எடுங்கள். அப்புறம் பேசிப் பார்த்தும் பணம் தர மறுத்தால், இந்தக் காகிதங்களோடு சிவிலுக்குப் போகலாம்.