கேனான் 55-250 எஸ்டிஎம்: முதல் லென்ஸாக வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் 55 முதல் 250 மி.மீ. வரை ஜூம் ஆகி, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் இந்த லென்ஸைப் பறவைக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

சேலம் மரவனேரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு மட்டும்தான் எனக்கென்று கிடைக்கும் நாள். அன்றைக்கு எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளோடு மூக்கனேரிக்கோ ஏற்காட்டுக்கோ கிளம்பிவிடுவேன். எங்கள் கேனான் 200டி கேமராவில் எப்போதும் மாட்டியிருப்பது இந்த லென்ஸ்தான். எடை 375 கிராம். 600 மி.மீ. வரை நீளும் பெரிய ஜூம் லென்ஸ்கள் இரண்டு கிலோவை நெருங்கும். அதைத் தூக்கிக்கொண்டு அவளால் எஸ்டேட் பாதையில் அரை மணி நேரம்கூட நடக்க முடியாது. இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மதியம்வரை சுற்றுகிறாள். கற்றுக்கொள்கிறவர் கையில் கேமரா எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இந்த லென்ஸின் உண்மையான பலம் கிட்டத்தில் இருக்கிறது. 85 செ.மீ. தூரத்திலேயே ஃபோகஸ் ஆகிவிடும். அந்தத் தூரத்தில் ஜூமை முழுக்க நீட்டி 250 மி.மீ.-இல் வைத்தால் ஏறக்குறைய ஏழேமுக்கால் செ.மீ. அகலமுள்ள பொருள் படம் முழுக்க நிறைந்துவிடும். ஏற்காட்டுச் சாலையோரம் உண்ணிச்செடி பூத்திருக்கும் இடத்தில் நின்று பாருங்கள். எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்து உட்கார்ந்தால், ஓரத்துக் கரும்பட்டையும் மஞ்சள் புள்ளிகளும் அத்தனை தெளிவாக வரும். தட்டான், சிலந்தி, காப்பிப் பூ எல்லாம் இதே வகையில் சேர்த்தி. சின்னப் பொருள்களைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் தனியாக வாங்காமலே ஒருவர் ஒரு வருடம் கற்றுக்கொள்ள இதுவே போதும்.

பறவை என்றால் கணக்கு வேறு. 200டி-யில் படம் பதியும் சென்சார் சிறியது, அதனால் பெரிய சென்சார் கேமராவோடு ஒப்பிட்டால் 250 என்பது 400 மி.மீ. போலத் தெரியும். வேலியில் உட்காரும் செம்மீசைச் சின்னானுக்கு அது தாராளம். மூக்கனேரியின் நடுவில் மிதக்கும் நாமக்கோழிக்குப் பத்தாது. அங்கே நான் மகளுக்குச் சொல்வது, பறவையைப் பெரிதாக்கப் பார்க்காதே, ஏரியையும் மண் திட்டையும் பின்னால் தெரியும் சேர்வராயன் மலையையும் சேர்த்து எடு என்பதுதான். அப்படி எடுத்த படங்களில்தான் அந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்பது தெரிகிறது. எனக்கு அவைதான் பிடித்தவை.

காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களின் நிழல் விழும். 250-இல் இதன் அப்பர்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. அதனால் ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனை) 1600, மூடுபனி இருந்தால் 3200 வரை ஏற்ற வேண்டியிருக்கும். படத்தில் கொஞ்சம் பொரிபொரியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. இதிலுள்ள ஐஎஸ் வசதி நம் கை நடுக்கத்தைத்தான் குறைக்கும், குருவியின் அசைவை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. கிளைகளுக்கு நடுவே ஃபோகஸ் தடுமாறினால் ஒற்றைப் புள்ளியை மட்டும் தேர்ந்து பறவையின் கண்ணில் வையுங்கள்.

லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான ஹூட்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், வாங்கிவிடுங்கள். மழை, பனி புகாத அமைப்பும் இதில் இல்லை. தூறல் வந்தால் பைக்குள் வைப்பதுதான் வழி.

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நீங்களும் அப்படி வாங்குவதாக இருந்தால், டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், 'எஸ்டிஎம்' (இதன் ஃபோகஸ் மோட்டாரின் வகை) என்று எழுதியிருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். 2013-இல் இது வருவதற்கு முன்பு விற்ற 55-250 லென்ஸ்களும் பார்ப்பதற்கு ஏறக்குறைய இப்படியேதான் இருக்கும். ஆனால் அவற்றுக்கு ஃபோகஸ் ஆகக் குறைந்தது 1.1 மீட்டர் தூரம் வேண்டும், வண்ணத்துப்பூச்சிக்கு அந்த வித்தியாசம் பெரிது. கேனானின் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் வேறு லென்ஸ் பார்க்கலாம், இது அதில் மாட்டாது.