மாத்தளைச் சூளையின் ஊறிய சுண்ணாம்பு: மூன்று வருடப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரச வேலையில் மேற்பார்வையாளராக இருப்பவர் பலகை, பீலி ஓடு, செங்கல், ஆணி என்று எதை எதையோ வாங்குகிறார். ஆனால் வேலை முடிந்து ஓராண்டு கழித்து அவரை மீண்டும் கூப்பிட்டுக் கேள்வி கேட்க வைப்பது பெரும்பாலும் சுண்ணாம்புதான். மாத்தளை மாவட்டத்தில், பிரதான வீதியிலிருந்து கீழே இறங்கும் ஒரு கிரவல் பாதையின் முடிவில் உள்ள சிறிய சூளையொன்றிலிருந்து ஊறிய சுண்ணாம்பை, அதாவது சுட்ட கல்லைத் தண்ணீரில் கரையவிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்த குழம்பை, மூன்று வருடங்களாக எடுத்து வருகிறேன். அரச சேவையில் இருந்துகொண்டு ஒரு விற்பனையாளரின் பெயரைச் சொல்வது முறையல்ல என்பதால் பெயரை விடுகிறேன். மாத்தளைப் பக்கம் சுண்ணாம்புக்காக அலைந்தவர்களுக்குக் கீழே வரும் விவரங்களே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் அந்தச் சூளைக்குப் போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். கண்டிக்கு மேலே ஒரு மலைச்சரிவில், பிரித்தானியர் காலத்தில் செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டப்பட்ட ஓர் அரச விடுதி என் பொறுப்பில் வந்தது. சுவர்கள் ஒன்றரை அடி தடிப்பு. கட்டிய சாந்து சுண்ணாம்பும் மண்ணும். இடையில் எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் அதன்மேல் சீமெந்து பூசியிருந்தார். கையால் தட்டினால் வெறும் பானையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. பூச்சைக் கழற்றியபோது உள்ளே இருந்த செங்கல் மாவாகக் கொட்டியது. அத்திவாரத்தில் ஈரந்தடுப்பு இல்லாத இத்தகைய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி, பூச்சின் வழியாக வெளியே விட்டுக்கொண்டே நிற்கப் பழகியது. சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரத்தோடு ஏறும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது.

இத்தகைய கட்டடங்களுக்குச் சட்டத்தின் துணையும் எளிதில் கிடைப்பதில்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொன்மை வாய்ந்த நினைவுச்சின்னங்களாகக் கொள்கிறது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்குப் பின் எழுந்த பங்களாவோ கச்சேரியோ தபாலகமோ பாதுகாப்புப் பெறுவதற்கு வர்த்தமானியில் தனியாக அறிவிக்கப்பட வேண்டும். அதுவரை சீமெந்து மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் நிற்பது மேற்பார்வையாளரின் பிடிவாதம் மட்டுமே.

சீமெந்தை உரித்துச் சுண்ணாம்புச் சாந்து பூசுவதென்று முடிவானதும், ஆகக் குறைந்த விலைமனுவைக் கொடுத்த ஒரு கடையிலிருந்து தூள் சுண்ணாம்பு மூட்டைகள் வந்து இறங்கின. பூச்சு முடிந்தபோது சுவர் அழகாகத்தான் இருந்தது. எட்டாவது மாதம் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழத் தொடங்கின. ஒவ்வொரு குழியின் நடுவிலும் கடுகளவு வெள்ளைப் பொட்டு ஒன்று இருந்தது. கிட்டத்தட்ட 400 சதுர அடியைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. கணக்காய்வு ஐயவினாவும் வந்தது; அதற்குப் பதில் எழுதிய மூன்று இரவுகளில்தான் சுண்ணாம்பைப் பற்றி உண்மையாகப் படித்தேன் என்று சொன்னால் அது மிகையல்ல.

குற்றம் கல்லில் இல்லை, அவசரத்தில் இருந்தது. மாத்தளை, திகனப் பகுதிகளில் எடுக்கும் கல் தொலமைற்று; அதில் கல்சியத்தோடு மக்னீசியமும் கலந்திருக்கிறது. சூளையில் கல்சியப் பகுதி சுமார் 900 பாகை செல்சியஸில்தான் முழுமையாக வேகும். மக்னீசியப் பகுதியோ அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே வெந்து, மற்றது வேகும் வரை நெருப்பில் கிடந்து இறுகிப்போகிறது. அப்படி இறுகியது எளிதில் நீறாது, அதாவது தண்ணீரை உறிஞ்சிப் பருத்துப் பொடியாகாது. மாதக்கணக்கில் ஊறினால்தான் நீறும். ஊறாமல் சுவரில் ஏறிவிட்டால், மழைக்காலத்து ஈரத்தில் சுவரிலேயே நீறிப் பருத்துப் பூச்சைத் தள்ளிவிடும். என் சுவரில் இருந்த கடுகுப் பொட்டுகள் அவைதான்.

பழைய மேசன்மார் முருகைக்கல் சுண்ணாம்பைப் புகழ்வதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. அது பெரும்பாலும் கல்சியமாக இருப்பதால் தண்ணீர் பட்டவுடனே பொங்கி நீறிவிடும். அக்குறல, ஹிக்கடுவைப் பக்கமிருந்து அது தாராளமாக வந்த காலம் போய்விட்டது. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டமும் 1988 ஆம் ஆண்டின் திருத்தமும் முருகைக்கல் அகழ்வையும் கரையோரச் சூளைகளையும் தடுத்துவிட்டன. கடலரிப்பைப் பார்த்தவர் எவரும் அதற்காக வருந்தமாட்டார். ஆகவே மலைநாட்டில் வேலை செய்யும் நமக்கு மிஞ்சியிருப்பது தொலமைற்றும் பொறுமையுமே.

அந்தப் பொறுமையை விலைக்கு விற்கும் இடமாகத்தான் இந்தச் சூளையைக் கண்டேன். கல்லும் விறகும் அடுக்கடுக்காகப் போட்டு எரிக்கும் பழைய முறைச் சூளை ஒன்று. அதன் பக்கத்தில் நீற்றும் தொட்டி. தொட்டியிலிருந்து கம்பிவலை வழியாகப் பால் போல ஓடிவந்து விழும் ஆறு குழிகள், மேலே தகரக் கூரை. ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் ஒரு பலகைத் துண்டில் குழி நிரப்பிய திகதியைக் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அங்கே முதலில் மெச்சியது அந்தப் பலகைகளைத்தான். சுண்ணாம்பு விற்கும் எந்தக் கடையிலும் பொருளின் வயதைச் சொல்லக் கேட்டதில்லை. முதலாளி எழுபதைத் தாண்டிய மனிதர், சிங்களமும் தமிழும் கலந்து பேசுவார். வெந்த கல் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இருபது நிமிடம் கல் அசையவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு, “இந்தக் கல்லுக்கு அவசரம் தெரியாது மாத்தயா, நாமதான் காத்திருக்கணும்” என்றார். அதன் பிறகே விரிசல் விட்டு, சீறி, ஆவி கிளம்பியது. சூளைச் சூட்டிலேயே பரல்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த வெந்நீரில்தான் அவர்கள் நீற்றுகிறார்கள். தொலமைற்றுக்கு அது பெரிதும் உதவுகிறது.

நான்கு மாதம் கடந்த குழியிலிருந்து எடுத்த சுண்ணாம்பு, சட்டியில் உறைந்த எருமைத் தயிரைக் கரண்டியால் வெட்டியது போல விளிம்பு மடியாமல் நின்றது. அதோடு நான் திருப்தியடையவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மச்சான் கொடுத்த, டஸ்ட் என்ற பொடித் தேயிலையைச் சலிக்கும் கம்பிவலைத் துண்டு ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். ஒரு லீற்றர் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து அதன் வழியாக ஊற்றினேன். வலையில் தங்கியது கால் தேக்கரண்டி மணல்தான். முன்பு சொன்ன மூட்டைச் சுண்ணாம்பை இதே வலையில் ஊற்றிப் பார்த்தபோது ஒரு கைப்பிடி தங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு கொள்வனவிலும் இந்தச் சோதனையைச் செய்து பதிவேட்டில் எழுதி வருகிறேன்; மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அளவு கூடியது, அந்தக் குழியைச் சூளையிலேயே ஒதுக்கிவிட்டார்கள்.

வேலைத்தளத்தில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மேசன்மாரின் முகத்திலேயே பார்க்கலாம். சீமெந்தில் கைபழகியவர்கள் முதல் இரண்டு நாள் முகத்தைச் சுழித்தார்கள். பிடிமானத்துக்காக ஒரு கை சீமெந்து சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள், நான் விடவில்லை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல் என்ற கணக்கில் சாந்தை அடித்து மிதித்துக் குழைத்த பிறகு, தண்ணீர் சேர்க்காமலே அது இளகி வந்ததைப் பார்த்தார்கள். புதிதாகச் சாந்து குழைப்பவர்கள் தவறுவது இங்கேதான்: இறுக்கமாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றிவிட்டால், காயும்போது பூச்சு வெடிக்கும். ஒரு பூச்சுக்குப் பத்து மில்லிமீற்றருக்கு மேல் தடிப்புப் போடவில்லை. இரண்டு பூச்சுகளுக்கு நடுவில் பத்து நாள் விட்டு, நனைத்த சாக்குகளைச் சுவரின் முன் தொங்கவிட்டோம். ஆறாம் மாதம் ஒரு மூலையில் சிறு துண்டு உடைத்து, காரம் இருந்தால் இளஞ்சிவப்பாகும் பினோல்ப்தலீன் சொட்டு விட்டேன். வெளிப்புறம் நிறம் மாறவில்லை; ஆழத்தில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது, அதாவது அந்த இடத்தில்தான் சுண்ணாம்பு இன்னும் காற்றை உண்டு கல்லாகவில்லை. குழி எதுவும் இன்றுவரை விழவில்லை.

நுவரெலியாவில் இதே சுண்ணாம்பைக் கொண்டு ஒரு பழைய கட்டடத்தின் கல் இடுக்குகளை அடைத்தபோது வேறு கஷ்டம் வந்தது. 1,868 மீற்றர் உயரத்தில், ஜனவரி பெப்ரவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி படியும். ஈரமான சாந்து உறைந்தால் பொடியாகிவிடும். கண்டியில் நாம் சுண்ணாம்பு வேலைக்குத் தேடும் அதே வறண்ட மாதங்கள் அங்கே இரவில் சதி செய்கின்றன. மாலை மூன்று மணிக்கே வேலையை நிறுத்திச் சாக்கும் பொலித்தீனும் போர்த்தினோம். இது சூளையின் குறையல்ல. ஆனால் வாங்குகிறவர்கள் காலத்தையும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

வெள்ளையடிப்பதற்கும் இதையே பாவிக்கிறேன். என் தாத்தா தோட்டத்தில் வெள்ளையடிக்கும் வேலை பார்த்தவர். தீபாவளிக்கு முன் லயத்துக் காம்பராக்களுக்கு அவர் அடித்த சுண்ணாம்பு, சாய்ந்து நின்ற பிள்ளைகளின் முதுகெல்லாம் ஒட்டிக்கொள்ளும். தடிப்பாக ஒரே தடவை அடித்ததாலும், ஊறாத சுண்ணாம்பைக் கொடுத்ததாலும் அப்படி நடந்தது என்று இப்போது விளங்குகிறது. நனைத்த சுவரில் பால் போன்ற பதத்தில் நான்கு தடவை அடித்த இந்தச் சுண்ணாம்பு சட்டைக் கையில் ஒட்டுவதில்லை.

இனி, இந்தச் சூளையோடு வியாபாரம் செய்வதிலுள்ள சங்கடங்கள். அரச பெறுகையில் மூன்று விலைமனு கேட்டு, ஆகக் குறைந்ததை எடுக்க வேண்டும். “சுண்ணாம்பு” என்று மட்டும் எழுதினால் தூள் மூட்டைதான் வெல்லும். ஊறிய சுண்ணாம்பு மூட்டையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலை. அதில் பாதியளவு தண்ணீர் என்பதால் நிறையில் ஒப்பிட்டால் இன்னும் மோசமாகத் தெரியும். ஆகவே, “குறைந்தது நான்கு மாதம் நீருக்கடியில் ஊறியது, குழி நிரப்பிய திகதியுடன், லீற்றர் கணக்கில்” என்று விவரக்கூற்றில் எழுதக் கற்றுக்கொண்டேன். சாந்தைக் கன அளவிலேயே கலப்பதால் லீற்றர் கணக்கு நியாயமானதும்கூட. இப்படி எழுதினால் அந்த விவரக்கூற்றுக்குப் பொருந்தும் மூன்று பேரைத் தேடுவது வேறொரு வேலையாகிவிடுகிறது. பெறுகைக் குழுவில் ஒருவராவது, ஈரச் சுண்ணாம்பு வாங்குவது தண்ணீருக்குக் காசு கொடுப்பதல்லவா என்று கேட்காமல் விடமாட்டார். சூளையின் பற்றுச்சீட்டு கையெழுத்தில் வருகிறது, அதில் ஒரு எண் பிழைத்தாலும் கொடுப்பனவு நின்றுவிடும். முதலாளி இரண்டு மாதம் வரை பணத்துக்குக் காத்திருந்திருக்கிறார், அதற்காக நான் வெட்கப்பட்டிருக்கிறேன்.

விநியோகம் இவர்களது பலவீனம். லொறி சொந்தமில்லை, மழை நாளில் அந்தக் கிரவல் பாதையில் எந்தச் சாரதியும் இறங்க மாட்டார். திங்கட்கிழமை என்றால் வியாழன் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதே இடத்தில் தூள் சுண்ணாம்பும் மூட்டையில் விற்கிறார்கள். மலைநாட்டு ஈரக்காற்றில் மூட்டை இரண்டு மாதம் கிடந்தாலே பாதி சுண்ணக்கட்டியாகிவிடும் என்பதால், யார் விற்றாலும் அதைப் பாதுகாப்பு வேலைக்கு வாங்க வேண்டாம். நீறாத கல்லையும் வாங்கிப்போய்த் தாங்களே நீற்ற நினைப்பவர்கள், கண்ணுக்குக் கண்ணாடியும் பக்கத்தில் இரண்டு வாளி சுத்தமான தண்ணீரும் இல்லாமல் அந்த வேலையைத் தொடக்கூடாது.

பரல் விடயத்தில் இன்னும் திருத்தம் வேண்டும். முதல் வருடம் இரும்புப் பரல்கள் வந்தன. துரு இறங்கி மேல்பகுதி பழுப்பாகியது. சொன்னதும் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், ஆனால் அவை எங்கோ வாங்கிய பழைய பரல்கள். கடந்த லொறியில் வந்த ஒன்பதில் ஒன்றைத் திறந்தபோது தென்னை வினாகிரி வாசம் மூக்கில் அடித்தது. புளிப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். மூடியில் “வினாகிரி” என்று அதே சுண்ணாம்பால் எழுதித் திருப்பி அனுப்பினேன். மறு வாரம், எப்போதும் போல இரண்டு நாள் பிந்தி, புதுப் பரல் ஒன்று வந்தது. கழுத்துவரை சுண்ணாம்பு, அதன்மேல் காற்றுப் படாமல் இரண்டு அங்குலத் தண்ணீர், கழுத்தில் நூலால் கட்டிய அட்டையில் குழியின் திகதி.