ஆறு நாள் மலையேற்றம்: முதல் நாளிலேயே எங்களை ஏமாற்றிய விதம்

ஆறு நாள் மலையேற்றத்துக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, ஒரே இரவில் இறங்கி வந்துவிட்டோம், நானும் என் தங்கையும். நடத்தியவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இதில் பணம் மட்டும் போகவில்லை.

அவர்கள் அனுப்பிய திட்டம் இது. முதல் நாள் வண்டியில் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள சாலை முனைக்குப் போய் அங்கேயே தங்குவது. இரண்டாம் நாள் நடந்து 2,900 மீட்டர் முகாம். மூன்றாம் நாள் 3,400. குழுவில் எட்டுப் பேர், இரண்டு வழிகாட்டிகள். இந்தத் திட்டத்தைப் பார்த்துத்தான் இவர்களைத் தேர்ந்தெடுத்தேன். வேறு சிலர் இதைவிடக் குறைந்த நாளில் கூட்டிப்போகிறோம் என்றார்கள், அவர்களை வேண்டாம் என்று விட்டேன்.

வண்டி சாலை முனையில் நின்றபோது பகல் மணி 1. எட்டுப் பேர் இல்லை, பதினேழு பேர். வழிகாட்டி ஒருவர்தான். இறங்கியதும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். மழை வரும், சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். எல்லோரும் போட்டார்கள், நானும் படிக்காமல் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் வழிகாட்டி சொன்னார்: "இன்றைக்கு இங்கே தங்கவில்லை. நேராக 3,400 முகாமுக்குப் போகிறோம்."

மூன்று நாள் ஏற்றம் ஒரே நாளில். காலையில் சமவெளியில் கண்விழித்தவர்கள் நாங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. 3,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். உடல் அதற்குப் பழக நாள் வேண்டும். இதை வழிகாட்டியிடம் சொன்னேன். "மெதுவாகப் போகலாம், ஒன்றும் ஆகாது" என்றார்.

நேரக் கணக்கும் உதைத்தது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் மலையில் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்களுக்கு 12 கிலோமீட்டர், 1,100 மீட்டர் ஏற்றம். ஓய்வே எடுக்காமல் போனாலும் நாலேகால் மணி நேரம் வரும். பழகாத பதினேழு பேர் நின்று நின்று நடந்தால் இருட்டிவிடும் என்பது கிளம்பும்போதே தெரிந்த விஷயம். அவர்கள் அனுப்பிய சாமான் பட்டியலில் தலையில் மாட்டும் விளக்கு (ஹெட்லாம்ப்) கூட இல்லை.

ஆறரை மணிக்கு இருட்டியது. வழிகாட்டி முன்னால் வேகமாக நடப்பவர்களோடு போய்விட்டார், கடைசியில் யாரும் இல்லை. தங்கைக்குத் தலைவலி, அப்புறம் வாந்தி. கைபேசி வெளிச்சத்தில் அவளை ஒரு பாறையில் உட்கார வைத்துவிட்டு விசில் ஊதினேன், நிமிடத்துக்கு ஆறு முறை. மலையில் உதவி கேட்கும் சைகை அது, கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஊதவேண்டும். பதிலே வரவில்லை. பத்து நிமிடம் ஊதியிருப்பேன். கடைசியில் பின்னால் சுமையோடு வந்த ஒரு பெரியவர்தான் அவள் பையையும் வாங்கிக்கொண்டு எங்களை மேலே சேர்த்தார்.

முகாமில் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் இருந்தது, பேட்டரி இல்லை. ஆக்சிஜன் சிலிண்டர் "அடுத்த முகாமில்" இருக்கிறதாம். வாந்தி நிற்காமல் இருந்தவளுக்கு வழிகாட்டி தூக்க மாத்திரை கொண்டுவந்தார். உயரத்தில் சில தூக்க மாத்திரைகள் மூச்சை இன்னும் மந்தப்படுத்தும். நான் வாங்கவில்லை. இரவு முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளை எழுப்பி, குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். தடுமாறினால் மூளையில் வீக்கம் என்று எடுத்துக்கொண்டு அந்த நொடியே கீழே இறங்கவேண்டும். நல்லவேளை, தடுமாறவில்லை.

விடிந்ததும் இறங்குகிறோம் என்றேன். துணைக்கு ஆள் இல்லை என்றார் வழிகாட்டி. அந்தப் பெரியவரே வந்தார். வழியில் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பருவத்தில் சாலை முனையில் ஒரு குழுவைக்கூடத் தங்கவைக்கவில்லையாம். 2,900 மீட்டரில் கூடாரமே அடிக்கவில்லையாம். அப்படியானால் மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு இரவுச் செலவை மிச்சம் பிடிக்க, இல்லாத முகாமைத் திட்டத்தில் எழுதி விற்றிருக்கிறார்கள்.

சாலை முனைக்கு வந்த சில மணி நேரத்தில் தங்கையின் தலைவலி விட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்களாகத்தான் விலகினீர்கள்" என்று, நான் கையெழுத்துப் போட்ட தாளின் படத்தை அனுப்பினார்கள். முகாம் மாற்றம் வழிகாட்டியின் விருப்பம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது.

அந்தத் தாளை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டரில் தூங்குவோம், வரிசையின் கடைசியில் யார் நடப்பார், ஆக்சிஜன் எந்த முகாமில் இருக்கும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். போன மாதம் போய் வந்தவர் ஒருவரிடம், முதல் இரவு உண்மையில் எங்கே தூங்கினார் என்றும் விசாரியுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் தங்கையை அந்தப் பாறையில் உட்கார வைத்திருக்க மாட்டேன்.