அடைமழையில் நீதிமன்றம்: காணொளியா, குரல் இணைப்பா?

மார்கழி அடைமழையில் திருகோணமலையில் மின்சாரமும் பாதையும் ஒன்றாகத் தடைப்பட்டால், வழக்கைத் தொலைவிலிருந்து காணொளியிலோ குரல் இணைப்பிலோ நடத்த நினைக்கலாம். சூம் செயலியில் காணொளிக்கு நொடிக்கு 600 கிலோபிட் முதல் 1.2 மெகாபிட் வரை வேண்டும். குரலுக்கு 60–80 கிலோபிட் போதும். ஒரு கைத்தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலம் தீர்ந்தால் அடுத்த கோபுரத்தில் நெரிசல். முதலில் உறைவது படம்தான்.

ஆனாலும் விளக்கமறியல் நீடிப்புக்கு (சந்தேகநபரை மேலும் சில நாள் தடுப்பில் வைக்கும் உத்தரவுக்கு) காணொளியே வேண்டும். சந்தேகநபரின் முகத்தில் வீக்கம் இருந்தால் அது நீதவானின் கண்ணில் பட வேண்டும். பக்கத்தில் நின்று யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா என்பதும்தான். ஆகவே கமெராவைத் தள்ளிவைத்து, அறைக்கதவும் தெரியத் திருப்புங்கள். ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் என்னும் சிறு மின்கலக் காப்பு (வோல்ட் அளவைப் பார்த்து), கூடவே வேறு நிறுவனத்தின் சிம்.

வழக்கின் அடுத்த தவணைத் தேதியை மாற்றக் குரலே தாராளம். இணைப்பு அறுந்தால் நேரத்தை வழக்கேட்டில் குறித்து, கடைசிக் கேள்வியிலிருந்து தொடருங்கள். சட்டத்தரணி கட்சிக்காரருடன் தனியே பேச, இரு வழியிலும் வேறொரு தொலைபேசி கட்டாயம்.