கடையின் இணையதளத்துக்கு எந்தத் தமிழ் எழுத்துரு? நோட்டோ, முக்தா மலர், கேட்டமரான், அனேக் – ஓர் அலசல்

சிறு கடைக்கு இணையதளம் செய்யும்போது லோகோவுக்கும் நிறத்துக்கும் நாள்கணக்கில் பேச்சு நடக்கும். தமிழ் எழுத்துரு மட்டும் கடைசி நேரத்தில், பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது எதுவோ அதுவாக முடிந்துவிடும். ஆனால் வாடிக்கையாளர் படிக்கப்போவது அந்த எழுத்தைத்தான். விலை, கடை திறக்கும் நேரம், முகவரி, டெலிவரி விவரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் படிப்பது போனில், அதுவும் நடுத்தர விலை போனில், சில நேரம் வெயிலில் நின்றுகொண்டு.

கூகுளின் இலவச எழுத்துருத் தளமான கூகுள் ஃபாண்ட்ஸில் தமிழுக்கென்று கிடைப்பவை ஏராளம். அவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், அனேக் தமிழ் ஆகிய நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான்கும் திறந்த உரிமத்தில் வருபவை. இணையதளம், விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ், பாக்கெட் லேபிள் என எதற்கும் காசு கொடுக்காமல், சட்டச் சிக்கல் இல்லாமல் பயன்படுத்தலாம். வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறும் உரிமம் தெரியாத எழுத்துருக்களை விட்டு விலக இதுவே போதுமான காரணம்.

ஒப்பிடும் முன் ஓர் அடிப்படை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எடுத்துக்காட்டப் பெரிய எழுத்து இருக்கிறது, சாய்வெழுத்து இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. சாய்வும் நம் அச்சு மரபில் வேரூன்றியது அல்ல. பிரவுசர் வலிந்து சாய்த்துக் காட்டினால் எழுத்து கோணலாகத்தான் தெரியும். ஆக, தலைப்பையும் விலையையும் சலுகையையும் தனித்துக் காட்ட நம்மிடம் இருப்பவை அளவும் தடிமனும் நிறமும்தான். அதனால் ஓர் எழுத்துருவில் எத்தனை தடிமன்கள் உள்ளன என்பது தமிழுக்குக் கூடுதல் முக்கியம். மீரா இனிமை, பவனம் என்ற எழுத்துருக்கள் இரண்டும் எனக்குப் பிடித்தவை, ஆனால் இரண்டிலும் ஒரே தடிமன்தான். தலைப்பை போல்டாக்கச் சொன்னால் பிரவுசர் தானாக மை பூசித் தடிமனாக்கும்; ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். கடைத் தளத்துக்கு அவற்றை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் அதுதான்.

எந்த எழுத்துருவையும் சோதிக்க நான் வைத்திருக்கும் வரி இது: “ஸ்ரீ முருகன் ஜவுளி – நூல் புடவை ₹850, பேரீச்சை நிறம், ஞாயிறு விடுமுறை, கூரியர் உண்டு.” நம் ஊர்க் கடைப்பெயர்களில் பாதி ஸ்ரீயில் தொடங்குகின்றன, அந்த ஓர் எழுத்து அழகாக அமையாவிட்டால் பலகையே கெட்டுவிடும். நூ, கூ இரண்டும் கீழே எவ்வளவு இறங்குகின்றன, பெ–பே வேறுபாடும் ரி–ரீ வேறுபாடும் சிறிய அளவில் தெரிகின்றனவா, ரகரமும் துணைக்காலும் குழம்புகின்றனவா என்று பாருங்கள். ₹ குறி 2010-இல்தான் வந்தது. அது இல்லாத எழுத்துருவில் பிரவுசர் வேறெங்கிருந்தோ இரவல் வாங்கி ஒட்டும். விலைப்பட்டியல் முழுக்க அந்த ஒட்டு தெரியும். இந்த வரியை 16 பிக்சலில், வெளிச்சத்தைக் குறைத்த போன் திரையில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். லேப்டாப்பில் 60 பிக்சலில் பார்த்தால் எல்லா எழுத்துருவும் நன்றாகத்தான் இருக்கும்.

நால்வரும் நேருக்கு நேர்

நோட்டோ சான்ஸ் தமிழ் கூகுளின் உலகமொழித் திட்டத்தில் ஒரு பகுதி. 100 முதல் 900 வரை ஒன்பது தடிமன்கள், ஒடுங்கிய வடிவங்களும் உண்டு. நிதானமான, முகம் காட்டாத எழுத்து. மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், பள்ளி, கணக்குத் தணிக்கை அலுவலகம் போன்ற இடங்களுக்கு அந்த நிதானமே வேண்டும். சேலைக் கடைக்கோ இனிப்பகத்துக்கோ இது சற்று வெறுமையாகத் தெரியும். பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழுக்கு ஏற்கெனவே இருப்பதும் இந்தக் குடும்பமே என்பதால், தளம் திறந்ததும் “இது இந்தக் கடை” என்ற தனி அடையாளம் எழுத்தின் வழியாக வராது.

முக்தா மலர் மும்பையின் ஏக் டைப் குழு செய்தது, ஏழு தடிமன்கள். இதன் பெரிய பலம் குடும்பம். தேவநாகரிக்கு முக்தா, குஜராத்திக்கு முக்தா வாணி, பஞ்சாபியின் குர்முகி எழுத்துக்கு முக்தா மாஹீ என்று உடன்பிறப்புகள் இருக்கின்றன. ராமேஸ்வரத்தில் வட இந்திய யாத்ரீகர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றையும் ஒரே பக்கத்தில் போட்டாக வேண்டும். மூன்றும் ஒரே கை எழுதியதுபோல் நிற்பது இதில் எளிது. நீண்ட பத்தியிலும் கண் சோராது. குறை ஒன்று: ஒவ்வொரு தடிமனும் தனிக் கோப்பு. ஏழையும் ஏற்றினால் பக்கம் பாரமாகிவிடும். சாதாரணம், செமிபோல்டு இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேட்டமரானைப் பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தார். தமிழையே மையமாக வைத்து எழுந்த எழுத்துரு. கோடுகள் எங்கும் ஏறத்தாழ ஒரே தடிமனில் ஓடும், ஒன்பது தடிமன்கள். நான்கில் புதுமையான முகம் இதற்குத்தான் என்பது என் கருத்து. காபி கடை, கட்டட வடிவமைப்பாளர், மென்பொருள் நிறுவனம் என்றால் தயங்காமல் இதை எடுப்பேன். வயதானவர்கள் அதிகம் படிக்கும் பக்கத்தில் மட்டும் அளவை ஒரு படி கூட்டி வைப்பேன். ஆகப் பெரிய தடிமனைச் சின்ன எழுத்துக்குப் போடாதீர்கள். இந்த எச்சரிக்கை எல்லாத் தமிழ் எழுத்துருவுக்கும் பொருந்தும்: ஆங்கிலத்தில் 900 தாங்கும் இடத்தில் தமிழில் 700-ஐத் தாண்டினாலே சுழிகள் மூடத் தொடங்கும்.

அனேக் தமிழும் ஏக் டைப்பின் படைப்பே; 2022-இல் வெளியானது. எட்டுத் தடிமன்கள் போக, இதில் அகலத்தையும் ஒடுக்கலாம், விரிக்கலாம். சிறு வணிகத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். காரணம் அழகு அல்ல, நீளம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. “வாடிக்கையாளர் சேவை”, “கூடையில் சேர்க்கவும்”, “திருப்பி அனுப்பும் விதிமுறைகள்” போன்றவை போனில் பொத்தானுக்குள் அடங்காமல் இரண்டு வரியாக மடியும். வழக்கமாக டிசைனர் செய்வது எழுத்தளவைக் குறைப்பது. விளைவு, தமிழ் மட்டும் பொடியாகிவிடும். பக்கத்தில் ஆங்கிலம் கம்பீரமாக நிற்கும். அனேக்கில் அளவைத் தொடாமல் அகலத்தை மட்டும் ஒரு பங்கு குறைக்கலாம். உயரம் அப்படியே இருப்பதால் படிப்பதும் எளிது. மெனு, பொத்தான், விலை அட்டவணைக்கு ஒடுங்கியது, பத்திக்குச் சாதாரணம், முகப்புத் தலைப்புக்கு விரிந்தது என்று ஒரே குடும்பத்தில் தளம் முழுவதையும் முடித்துவிடலாம். தெலுங்கு, கன்னடம், மலையாளம் உட்பட ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கு அனேக் குடும்பத்தில் எழுத்துரு உண்டு என்பதால் ஓசூரிலோ நாகர்கோவிலிலோ கடை வைத்திருப்பவருக்கு இன்னும் பொருத்தம்.

ஐந்தாவதாக ஹிந்த் மதுரை என்று ஒன்றைப் பலர் கேட்பார்கள். இந்தியன் டைப் ஃபவுண்ட்ரியின் நல்ல எழுத்துரு, ஐந்து தடிமன்கள், செயலித் திரைகளுக்கு ஏற்றது. முக்தா மலரை ஏற்கெனவே எடுத்தவர் இதற்காக மாற வேண்டியதில்லை.

எழுத்துருவே ஏற்றாமல் போனில் இருப்பதையே காட்டினால் என்ன? வேகம் கிடைக்கும், அது உண்மை. ஆனால் ஐபோனில் தமிழ் சங்கம் என்ற எழுத்துரு, விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் வேறொன்று என ஒவ்வொரு கருவியிலும் முகம் மாறும், வரி மடியும் இடமும் மாறும். கூகுள் ஃபாண்ட்ஸ் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கோப்புகளைத் தனித்தனியாகப் பிரித்தே அனுப்புகிறது. கூட்டெழுத்துகள் மிகுந்த தேவநாகரியோடு ஒப்பிட்டால் தமிழ்க் கோப்பு பொதுவாகச் சிறியது. ஒரே கோப்பில் பல தடிமன்களைத் தரும் வேரியபிள் வடிவத்தை எடுத்தால் வேகம் பெரிய தடையாக இருக்காது.

எதைத் தேர்ந்தாலும் வரி இடைவெளியைத் தமிழுக்கெனத் தனியாக வையுங்கள். ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப்போல் 1.4 அல்லது 1.5 மடங்கு போதும். தமிழில் மேலே ஈகாரச் சுழி, கீழே நூவின் வால் என இரு பக்கமும் நீள்வதால் 1.6-இல் தொடங்கி 1.75 வரை போகலாம். ஒவ்வோர் எழுத்துருவும் மேலும் கீழும் விடும் இடம் வேறு என்பதால், எழுத்துருவை மாற்றிய பிறகு பொத்தான்களை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் “கூ” கீழே வெட்டுப்படும்.

அச்சகத்துக்குப் போகும்போது

பல அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் இன்னும் வானவில், ஸ்ரீலிபி, பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களே புழக்கத்தில் உள்ளன. அவற்றில் அழகான தலைப்பெழுத்துகள் நிறைய உண்டு, தொழில் தெரிந்தவர்கள் அதில் மின்னல் வேகத்தில் தட்டச்சு செய்வார்கள். அச்சுக்கு அது குறையே இல்லை. இணையத்துக்கு மட்டும் ஆகாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு என்பதால் கூகுள் தேடலில் உங்கள் கடைப்பெயர் அகப்படாது; நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் புரியாத ஆங்கிலக் குவியலாக விழும். பார்வையற்றவர்களுக்காகப் படித்துக்காட்டும் செயலியும் அதையேதான் உளறும்.

மாறாக, யூனிகோடு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) கோப்பை அடோபி மென்பொருள்களான இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்டிசைனிலோ போட்டால் கொம்பு இடம் மாறி விழுகிறது என்று அச்சகத்தார் சொல்வார்கள். அதற்காக எழுத்துருவை மாற்ற வேண்டாம். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பங்களுக்குள் இண்டிக் வசதியைக் காட்டச் சொல்லிவிட்டு, பத்தி அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான கம்போசரை (வரிகளை அடுக்கும் வசதி) தேர்ந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இன்டிசைனில் அதன் பெயர் வேர்ல்டு ரெடி கம்போசர். பழைய கோரல் டிரா மென்பொருள் வைத்திருப்பவருக்கு வேரியபிள் கோப்பு வேலை செய்யாது. கூகுள் தரும் ஜிப்பில் ‘ஸ்டேட்டிக்’ என்ற உறைக்குள் இருக்கும் தனித்தனிக் கோப்புகளைக் கொடுங்கள். இல்லையேல் நீங்களே கர்வ் செய்து, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அனுப்பிவிடுங்கள். போஸ்டரில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டும் ஆங்கில வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கொம்பும் காலும் தாய் எழுத்தை விட்டு விலகி நிற்கக்கூடும்.

கடைப் பலகைக்கு இந்த நான்கையும் தாண்டிப் போகலாம். தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அந்த எழுத்துக்கு முகம் இருப்பது நல்லதுதான். பேக்கரி, பொம்மைக் கடை, ஜூஸ் கடைக்குப் பாலு தம்பி என்ற எழுத்துருவின் உருண்டை எழுத்து பொருந்தும். தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் எழுத்துரு கையெழுத்துச் சாயல் உள்ளது. ஊறுகாய், அப்பளம், வீட்டுத் தயாரிப்பு மசாலா லேபிளில் பெயருக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சேர்மானப் பட்டியலை அதில் போட்டால் யாராலும் படிக்க முடியாது. அங்கே அனேக்கின் ஒடுங்கிய வடிவத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

ஏற்கெனவே பழைய எழுத்துருவில் லோகோவும் பலகையும் இருப்பவர்கள் அதைக் கலைக்க வேண்டாம். ஊருக்குப் பழகிய எழுத்து அது. கர்வ் செய்த லோகோவை எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத பட வடிவம்) கோப்பாக வாங்கித் தளத்தின் தலையில் வையுங்கள், படத்தின் மாற்று உரையில் கடைப்பெயரை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், கீழே உள்ள மற்ற எல்லாவற்றையும் அனேக்கிலோ முக்தா மலரிலோ அமையுங்கள்.